தேதி மறுக்கும், நிறுவாது: பழைய போர்ஷே 911 மீட்டமைப்பில் ‘ஆண்டுக்குரிய உறுப்பு’ என்னும் சிக்கல்

கேள்வி

1972 மாடல் போர்ஷே 911இன் வலப்புறத்தில், கதவுக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே ஒரு சிறு மூடி உண்டு. திறந்தால் என்ஜின் ஆயில் ஊற்றும் வாய் தெரியும். வண்டியின் எடை பின்பக்கமே குவிந்துகிடப்பதைக் குறைக்க ஆயில் டேங்கைப் பின்சக்கரத்துக்கு முன்னால் நகர்த்தியதன் விளைவு அது. பெட்ரோல் பங்க் ஊழியர்கள் சிலர் அதை எரிபொருள் மூடி என்று எண்ணிப் பெட்ரோலையே ஊற்றிவிட்டார்கள். அடுத்த மாடல் ஆண்டிலேயே டேங்க் பழைய இடத்துக்குப் போய்விட்டது, மூடியும் மறைந்தது.

இது எளிய நேர்வு. மூடி இருந்தால் 1972. இல்லாவிட்டால் வேறு ஆண்டு, அல்லது யாரோ தகட்டை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். எந்த உறுப்பைக் கையில் கொடுத்தாலும் ஆண்டைச் சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை மீட்டமைப்பாளர்களிடம் வேரூன்றியதற்கு இத்தகைய நேர்வுகளே காரணம். வண்டியிலுள்ள ஆயிரக்கணக்கான உறுப்புகளில் இவ்வளவு வெளிப்படையாக ஆண்டைச் சொல்பவை மிகச் சில. மற்றவற்றில் எண் இருக்கும், தேதி முத்திரை இருக்கும், அல்லது ஒன்றுமே இருக்காது. அவற்றை எப்படிப் படிப்பது, எந்த அளவுக்கு நம்புவது என்பதை 1964 முதல் 1973 வரையிலான 911 வண்டிகளைக் கொண்டு இக்கட்டுரை ஆராய்கிறது. உறுப்பில் இருக்கும் அடையாளம், ‘இது இந்த வண்டியுடையது அல்ல’ என்பதை உறுதியாகச் சொல்லும். ‘இந்த வண்டியுடையதுதான்’ என்பதை ஏறக்குறைய ஒருபோதும் சொல்லாது. துறையில் புழங்கும் பல முடிவுகள் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எடுக்கப்பட்டவை என்பதே என் வாதம்.

ஆண்டு என்பது சரியான அலகா?

போர்ஷேயின் மாடல் ஆண்டு ஜனவரியில் பிறப்பதில்லை. கோடை விடுமுறை முடிந்து ஆலை மீண்டும் ஓடத் தொடங்கும் ஆகஸ்டை ஒட்டிப் பிறக்கிறது. எனவே 1968 இலையுதிர்காலத்தில் ஆலையை விட்டு வந்த வண்டி, பதிவுச் சான்றில் 1968 என்று இருந்தாலும், 1969 மாடல். இது சொற்சிக்கல் அல்ல. 1969 மாடலில்தான் முன்பின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட தூரம் 2211 மில்லிமீட்டரிலிருந்து 2268 ஆனது. ஒரே பேட்டரி இருந்த இடத்தில் இரு முன்மூலைகளிலும் இரண்டு சிறு பேட்டரிகள் வந்தன. பதிவுச் சான்றின் ஆண்டை நம்பி முன்பகுதித் தகடு வாங்குபவர் தவறான தகட்டை வாங்குவார்.

ஆகஸ்டிலிருந்து எண்ணினாலும் சிக்கல் தீர்வதில்லை. மாற்றங்களில் சில ஆண்டின் நடுவிலேயே வந்தன. தொடக்ககால 911களில் இருந்த சோலெக்ஸ் கார்புரேட்டர்களுக்குப் பதிலாக வெபர் கார்புரேட்டர்கள் 1966இன் தொடக்கத்தில் வந்தன. அப்போது மாடல் ஆண்டு மாறவில்லை. அமெரிக்காவுக்குப் போன 911 டி வண்டிகள் 1973 ஜனவரியில் போஷ் நிறுவனத்தின் கே-ஜெட்ரானிக் எரிபொருள் தெளிப்பு முறைக்கு மாறின. ஒரே மாடல் ஆண்டில், ஒரே பெயரில், இரண்டு வேறு வேறு எரிபொருள் அமைப்புகள். போதாக்குறைக்கு உடற்கூடு உருவான இடமும் ஒன்றல்ல. ஸ்டுட்கார்ட்டின் சுஃபன்ஹவுசன் ஆலையோடு, ஓஸ்னாப்ரூக் நகரின் கார்மன் நிறுவனமும் 911 உடற்கூடுகளைச் செய்துகொடுத்தது.

ஆக, ‘1966க்குரிய கார்புரேட்டர் எது?’ என்ற கேள்விக்கு விடையே கிடையாது. இந்தச் சேசிஸ் எண் கொண்ட, இந்தச் சந்தைக்குப் போன, இந்த மாதத்தில் முடிந்த வண்டிக்கு எது என்று கேட்டால்தான் விடை கிடைக்கும். சேகரிப்பாளர்களுக்காக எழுதப்பட்ட கையேடுகள் ஆண்டுவாரியான அட்டவணைகளைத் தருகின்றன. அவை பயனற்றவை அல்ல. ஆனால் கட்டம் கட்டிய அட்டவணை, ஆலையில் இல்லாத ஓர் ஒழுங்கை நம் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது.

உட்புறத்துக்கு மட்டும் அட்டவணை ஓரளவு பொருந்துகிறது. டேஷ்போர்டின் குறுக்கே 1965, 1966 மாடல்களில் மரத்தகடு. 1967இல் கோடிழைத்த அலுமினியம். 1968இல் கூடைப்பின்னல் போன்ற கருப்புப் பரப்பு. கதவின் வெளிக்கைப்பிடியிலும் இப்படியே: முதலில் புடைத்து நிற்கும் பொத்தான், 1968இல் குழிக்குள் அமைந்த பொத்தான், 1970இல் பிடிக்குப் பின்னால் விரலால் இழுக்கும் விசை. கண்ணால் பார்த்தே சொல்லிவிடலாம். கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியவை என்பதாலேயே போலியும் முதலில் அங்கேதான் நுழையும்.

‘ஒரிஜினல்’ என்ற ஒரே சொல்லுக்குள்

விற்பனை விளம்பரத்தில் ‘ஒரிஜினல்’ என்று வரும்போது, குறைந்தது நான்கு வகை உறுப்புகளில் எதை வேண்டுமானாலும் அது குறிக்கலாம். ஆலையில் அந்த வண்டியிலேயே பூட்டப்பட்டு இன்றுவரை கழற்றாமல் அல்லது கழற்றி மீண்டும் பூட்டப்பட்டு வந்தது ஒன்று. அதே காலத்தில், அதே வடிவில் செய்யப்பட்டு வேறொரு வண்டியிலிருந்து வந்தது இரண்டாவது. ‘ஆண்டுக்குரியது’ என்று நியாயமாகச் சொல்லத்தக்கது இதுவே. மூன்றாவது, நிறுவனமே பின்னாளில் விற்ற மாற்று உறுப்பு. நான்காவது, வெளியார் செய்த மறு ஆக்கம்.

குழப்பம் மிகுதியாக நேர்வது மூன்றாவதில்தான். நிறுவனத்தின் பெட்டியில், நிறுவனத்தின் சீட்டோடு வரும் உறுப்பை ஐயப்பட யாருக்கும் மனம் வராது. ஆனால் போர்ஷேயின் உறுப்பு எண்ணில் கடைசி இரண்டு இலக்கங்கள் திருத்தத்தைக் குறிப்பவை. ஓர் உறுப்பு மேம்படுத்தப்பட்டால் இலக்கம் ஏறும். பழைய எண்ணைக் கேட்டு எழுதினாலும் புதியது வந்து சேரும். உறுப்புப் பட்டியல் என்பது ஓடும் வண்டிகளுக்கு உதிரி விற்பதற்காக எழுதப்பட்ட வணிக ஏடு. வரலாற்றைக் காப்பது அதன் வேலையல்ல. திருத்தப்பட்ட பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு 1965ஆம் ஆண்டு வண்டியைச் சரிபார்ப்பவர், நிறுவனம் பின்னாளில் எடுத்த முடிவுகளை 1965இன் மீது ஏற்றுகிறார். அந்தந்தக் காலத்தில் அச்சான பட்டியலே அந்தந்தக் காலத்துக்குச் சான்று.

எண்ணின் முன்னொட்டும் பலரை ஏமாற்றியிருக்கிறது. 1963 செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட் கண்காட்சியில் இந்த வண்டி அறிமுகமானபோது அதன் பெயர் 901. நடுவில் சுழியம் வரும் மூன்றிலக்கப் பெயர்கள் பிரான்சில் தங்களுக்கே உரியவை என்று பெஜோ நிறுவனம் எதிர்த்ததால் 1964 இறுதியில் அது 911 ஆனது. அதற்குள் 901 என்ற பெயரில் 82 வண்டிகள் முடிந்திருந்தன. பெயர் மாறியதே தவிர, உறுப்பு எண்களின் தொடக்கத்திலிருந்த 901 மாறவில்லை; பல்லாண்டுகள் அப்படியே தொடர்ந்தது. 1972 மாடலில் 915 வகை வரும்வரை கியர்பாக்ஸும் 901 என்றே அறியப்பட்டது. எனவே ‘901 என்று பொறித்த அரிய உறுப்பு’ என்று கூடுதல் விலைக்கு வருவதில் பெரும்பாலானவை சாதாரண 911 உறுப்புகளே. 82 வண்டிகளின் பெருமையை எத்தனை தட்டுமுட்டுச் சாமான்கள் சுமந்துவிட முடியும்?

தேதி முத்திரையின் தருக்கம்

வி.டி.ஓ. நிறுவனத்தின் மீட்டர்களைக் கழற்றிப் பின்புறம் பார்த்தால் மாதமும் ஆண்டும் முத்திரையிட்டிருக்கும். ஃபூக்ஸ் நிறுவனம் அடித்துருவாக்கிய அலுமினியச் சக்கரங்களின் உட்புறத்திலும் அப்படியே. அமெரிக்காவின் ஷெவர்லே கார்வெட்டில் இந்த வழக்கம் இன்னும் விரிவானது. என்ஜின் பிளாக்கின் வார்ப்பிலேயே மாதத்துக்கு ஓர் ஆங்கில எழுத்து, நாளுக்கு எண், ஆண்டுக்குக் கடைசி இலக்கம் மட்டும் இருக்கும். ‘ஏ 15 7’ என்றால் ஜனவரி 15, 1967. அல்லது 1957, 1977. பத்தாண்டைத் தீர்மானிக்க வார்ப்பு எண்ணையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இந்தத் தேதிகள் எதைச் சொல்கின்றன? 1967 மார்ச்சில் முடிந்த வண்டியில் 1967 ஜூன் தேதியிட்ட மீட்டர் இருந்தால், அது பின்னால் பூட்டப்பட்டது. இதில் விவாதத்துக்கு இடமில்லை. பிறக்காத உறுப்பை எவராலும் பூட்ட முடியாது. அதே வண்டியில் 1967 ஜனவரி மீட்டர் இருந்தால்? அது பொருந்துகிறது என்று மட்டுமே சொல்லலாம். அந்த மாதத்தில் செய்யப்பட்ட மற்ற எல்லா மீட்டர்களும் அதே அளவுக்குப் பொருந்தும். இரண்டு முடிவுகளும் ஒரே முத்திரையிலிருந்து வருகின்றன. ஒன்று தீர்ப்பு, மற்றது அனுமதி மட்டுமே.

இடைவெளி எவ்வளவு இருக்கலாம் என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. சில வாரங்கள் என்பது வழக்கமான எதிர்பார்ப்பு. ஆனால் ஆலைக் கிடங்கில் முதலில் வந்தது முதலில் போகும் என்பதற்கு உத்தரவாதம் ஏது? கூடையின் அடியில் கிடந்த விளக்கு அரையாண்டு கழித்துக் கைக்கு வரலாம். குறைவாக விற்ற வகைகளுக்கான உறுப்புகள் இன்னும் நெடுநாள் காத்திருக்கும். பழைய வண்டிகளின் மூலத்தன்மைக்கு மதிப்பெண் போடும் போட்டிகளில் நடுவர்கள் ஓர் எல்லை வகுத்துக்கொள்வது நடைமுறைத் தேவை; அதை வரலாற்று விதியாக்குவதால் கேடு விளைகிறது. உண்மையிலேயே ஆலையில் பூட்டப்பட்ட, ஆனால் எட்டு மாதம் பழைய உறுப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ‘சரியான’ தேதியுள்ள வேற்று வண்டி உறுப்பைப் பூட்டத் தூண்டுகிறது அது. சுவடியில் புரியாத சொல்லைக் கண்டு, தமக்குத் தெரிந்த சொல்லாகத் திருத்தி எழுதிய படியெடுப்பாளர்களைத் தமிழ்ப் பதிப்புலகம் நன்கறியும். கரடுமுரடான பாடமே பல வேளை மூலபாடம். வண்டியிலும் பொருந்தாமல் துருத்தும் உறுப்பைப் பிழை என்று முடிவுகட்டுவதற்கு முன் அதுவே மூலமாக இருக்கக்கூடுமா என்று கேட்க வேண்டும்.

உரத்துப் பேசும் சான்று, ஊமைச் சான்று

சேசிஸ் எண்ணும் என்ஜின் எண்ணும் ஆலை ஆவணத்தோடு ஒத்துப்போவதே ‘எண் பொருத்தம்’. விலையை நிர்ணயிப்பது பெரும்பாலும் இதுதான். 1973 கரேரா ஆர்.எஸ். 2.7ஐ எடுத்துக்கொள்வோம். பந்தயத் தகுதிக்கு 500 வண்டிகள் போதும் என்று திட்டமிட்டு, கடைசியில் 1,580 செய்யப்பட்டன. அதன் பத்திலக்கச் சேசிஸ் எண் 911360 என்று தொடங்கும்: 911 வகையையும், 3 ஆண்டையும், 6 என்ஜினையும், 0 கூபே உடலையும் குறிக்கும். வாத்துவால் போன்ற பின்தகடும் அகன்ற பின்புறமும் கொண்டு சாதாரண 911ஐ ஆர்.எஸ். போலாக்குவது கடினமல்ல. அதனால்தான் எண் இவ்வளவு முக்கியம். அதனால்தான் எண்ணைப் பொய்யாகப் பொறிப்பதும் இவ்வளவு லாபகரம்.

சான்றுகளை எடைபோடும்போது நான் ஒரு விதியைப் பின்பற்றுகிறேன்: எந்தச் சான்றுக்குச் சந்தையில் விலை உண்டோ அதைக் கூடுதலாக ஐயப்பட வேண்டும்; விலை இல்லாததைக் கூடுதலாக நம்பலாம். என்ஜின் எண்ணைத் தேய்த்துவிட்டு வேறொன்றைப் பொறிக்க ஆளுண்டு. ஆனால் போல்ட்டின் தலையைப் பொய்யாக்க யாரும் மெனக்கெடுவதில்லை. பழைய ஜெர்மன் போல்ட்டுகளின் தலையில் வலிமைக் குறியீடாக ‘8ஜி’, ‘10கே’ என்று இருக்கும். 1960களின் பிற்பகுதியில் அவை 8.8, 10.9 என்னும் இன்றைய குறியீடுகளுக்கு மாறின. 1965 வண்டியின் ஒரு மூலையில் மட்டும் 8.8 போல்ட்டுகளாக இருந்தால் அந்த மூலையை யாரோ பிரித்திருக்கிறார்கள். அந்தப் போல்ட் வண்டியின் பெருமையைக் கூட்டாது. அதனாலேயே பொய் சொல்லாது. தகடுகளை இணைக்கும் ஸ்பாட் வெல்டிங்கின் இடைவெளி, பெயின்ட்டின் அடியடுக்கு, கிரான்க்கேஸ் உலோகத்தின் பரப்பு ஆகியவையும் இந்த வகை. தொடக்கத்தில் அலுமினியமாக இருந்த கிரான்க்கேஸ் 1968ஐ ஒட்டி மெக்னீசியமானது. எடையும் நிறமுமே அதைச் சொல்லிவிடும். எண்ணைப் பார்க்கும் முன்பே ஒரு 1966 வண்டியின் கதை வெளிப்பட்டுவிடலாம்.

பொருந்தாத எண் எப்போதும் மோசடியல்ல என்பதையும் சொல்ல வேண்டும். மெக்னீசியக் கிரான்க்கேஸில், குறிப்பாக 2.7 லிட்டர் என்ஜின்களில், சிலிண்டர் ஸ்டட்டுகள் மரையோடு பிடுங்கிக்கொண்டன. கிரான்க்கேஸை மாற்றியவர் வண்டியை ஓடவைக்க விரும்பியவர், அவ்வளவுதான். அந்த மாற்றுக் கிரான்க்கேஸில் இன்று பழைய எண்ணைப் பொறிப்பதை ‘மீட்டமைப்பு’ என்று சிலர் நியாயப்படுத்துகிறார்கள். என்னால் இதை ஏற்க முடியவில்லை. நேர்மையான பழுதுபார்ப்பு பொய்ச் சாட்சியாக மாறும் இடம் அது.

ஆலை ஆவணமும் எல்லைக்குட்பட்டதே. தொடக்ககால வண்டிகளுக்கான கார்டெக்ஸ் அட்டையில் சேசிஸ், என்ஜின், கியர்பாக்ஸ் எண்கள், நிறம், கூடுதல் வசதிகள், ஒப்படைத்த விவரம் இருக்கும். மீட்டரின் மாதமோ விளக்கின் உற்பத்தியாளரோ இருக்காது. ஆவணம் மௌனமாகும் இடத்தில் கைபடாத வண்டிகளே ஒப்பீட்டுக்கு உதவும். அவற்றிலும் எச்சரிக்கை தேவை. பூட்டிவைத்துப் பாதுகாத்தவர்கள் வாங்கியவை பெரும்பாலும் விலையுயர்ந்த வகைகள். அன்றாடம் ஓடித் துருப்பிடித்துப் போன 911 டி எப்படி இருந்தது என்பதற்கு அவை முழுச் சாட்சியாகா.

மீட்டமைப்பே சான்றை அழிக்கிறது என்பது இத்துறையின் பெரிய முரண். மணல் வீசித் துருவை நீக்கும்போது அடியடுக்குப் பெயின்ட் போகிறது. போல்ட்டுகளுக்குப் புதுப் பூச்சு ஏற்றும்போது பழைய பூச்சின் தடயம் போகிறது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் 2017இல் ஒரு 1959 கார்வெட் காவல்துறையிடம் சிக்கியது. முந்தைய மீட்டமைப்பில் அடையாள எண் தகட்டைக் கழற்றி மீண்டும் ரிவெட் அடித்திருந்தார்கள் என்பதே காரணம். திருட்டு வண்டிகளைத் தடுக்க எழுதிய சட்டம் பழைய வண்டியின் பெயின்ட் வேலையைக் குற்றமாக வாசித்தது. 2022இல் பழைய வண்டிகளுக்காக அச்சட்டம் திருத்தப்பட்டது. சட்டத்தின் மூர்க்கத்தை விட்டுவிட்டுப் பார்த்தால், தகட்டைத் தொட்ட கணத்திலேயே அதன் சாட்சி பலவீனமாகிவிடுகிறது என்ற கருத்தில் தவறில்லை.

57ஆம் எண் வண்டி

போர்ஷே அருங்காட்சியகம் 2014இல் ஜெர்மனியின் பிராண்டன்பர்க் பகுதியில் ஒரு கொட்டகையில் கிடந்த சிவப்பு வண்டியை வாங்கியது. சேசிஸ் எண் 300 057. பெயர் மாறுவதற்கு முன் செய்யப்பட்ட 901களில் ஒன்று. முன்பக்க மட்கார்டுகள் இல்லை. துரு ஆழமாகத் தின்றிருந்தது. மூன்றாண்டு வேலைக்குப் பின் 2017 டிசம்பரில் காட்சிக்கு வந்தது. வடிவமைத்த நிறுவனமே வைத்திருக்கும் வண்டி. புதுத் தகடு அடித்துக்கொள்ள எல்லா வசதியும் உண்டு. இருந்தும், அந்தக் காலத்து வேறு வண்டிகளின் தகடுகளை வெட்டியெடுத்துப் பயன்படுத்துவதே அங்கு பின்பற்றப்பட்ட கொள்கை.

இக்கொள்கையைப் பெரும்பாலோர் பாராட்டினார்கள். பாராட்டத்தக்கதுதான், ஓரளவுக்கு. தகட்டின் கனமும் விளிம்பின் மடிப்பும் காலத்துக்கு ஒத்திருக்கும். ஆனால் மேலே சொன்ன வகைப்பாட்டின்படி அவை இரண்டாம் வகை; முதல் வகை அல்ல. அதைவிட நெருடலானது வேறொன்று. புதுத் தகடாக இருந்திருந்தால் பின்னாளைய ஆய்வாளர் அதைப் புதிது என்று கண்டுகொள்ள வழியுண்டு. காலத்துக்கு ஒத்த தகடு அந்த வண்டியிலேயே பிறந்தது போல நிற்கும். எவ்வளவு சரியாகச் செய்கிறோமோ அவ்வளவுக்கு எல்லைக்கோடு மறைகிறது. பன்னாட்டுப் பழைய வாகனக் கூட்டமைப்பான ஃபிவா கொண்டுவந்த தூரின் சாசனம், செய்த வேலைகளை ஆவணப்படுத்துவதை வலியுறுத்துவதற்கு இதுவே நியாயம். அருங்காட்சியகத்துக்குக் கோப்பு வைக்க ஆட்கள் உண்டு. தனியார் பட்டறையில் முடிந்து மூன்று கை மாறிய வண்டிக்கு யார் கோப்பு வைப்பார்கள்?

நீதிமன்றத்தில் ஒரு பென்ட்லி

உறுப்புகள் மாறிய பின்னும் அது அதே வண்டிதானா என்ற கேள்வி ஒருமுறை நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. 1929, 1930 ஆகிய இரு ஆண்டுகளிலும் லெ மான் பந்தயத்தை வென்ற பென்ட்லி ஸ்பீட் சிக்ஸ், ‘ஓல்டு நம்பர் ஒன்’. பின்னர் அதற்கு எட்டு லிட்டர் என்ஜின் பொருத்தினார்கள். 1932இல் புரூக்லாண்ட்ஸ் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி ஓட்டுநர் கிளைவ் டன்ஃபீ இறந்தார். மீண்டும் கூபேயாகக் கட்டினார்கள். 1990இல் ஒரு கோடி பவுண்டுக்கு விற்க ஒப்பந்தமாகி, வாங்குபவர் இது உண்மையான வண்டியல்ல என்று பின்வாங்க, வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. வென்ற அன்றிருந்த உறுப்புகளில் மிகச் சிலவே எஞ்சியிருந்தன. நீதிபதி ஆட்டன், இதை மூல வண்டி என்று சொல்ல முடியாது, ஆனால் இதுவே உண்மையான ‘ஓல்டு நம்பர் ஒன்’ என்று தீர்த்தார். அந்தப் பெயருக்கு உரிமை கோரும் வேறு வண்டி இல்லை. மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரே வண்டியின் வாழ்க்கையாக நடந்தவை என்பது அவர் கண்ட அடிப்படை.

இத்தீர்ப்பை மீட்டமைப்புலகம் வசதியாகப் பயன்படுத்திக்கொண்டது: உறுப்பு எதுவானாலும் தொடர்ச்சி இருந்தால் போதும் என்று. தீர்ப்பு அப்படிச் சொல்லவில்லை என்றே கருதுகிறேன். அது ஒரு வண்டியின் அடையாளம் பற்றியது. உறுப்பின் மூலத்தன்மை பற்றியதல்ல. உண்மையில் அது எதிர்த்திசையில் வலுவான வாதத்தைத் தருகிறது. தொடர்ச்சிதான் அடையாளம் என்றால், வண்டியின் வாழ்க்கையில் நேர்ந்த மாற்றங்களும் அந்த அடையாளத்தின் பகுதி. அவற்றைத் துடைத்து ஆலை வாசலுக்கே திருப்பி அனுப்புவது தொடர்ச்சியை அறுப்பதாகும்.

சோலெக்ஸா, வெபரா?

இதற்கு உரைகல் மீண்டும் கார்புரேட்டர்தான். சோலெக்ஸ் கார்புரேட்டர்களைச் சீராக இயங்கச் செய்வது தொல்லை. எனவே 1965ஆம் ஆண்டு வண்டிகள் பலவற்றில், உரிமையாளர்களின் வேண்டுகோளில், வெபர் பூட்டப்பட்டது. இன்று அப்படியொரு வண்டி பட்டறைக்கு வருகிறது. போட்டி நடுவருக்குச் சோலெக்ஸ் வேண்டும். சந்தையில் கிடைக்கும் சோலெக்ஸ் இன்னொரு வண்டியில் இருந்தது. தேதி பொருந்தலாம், அவ்வளவே. வண்டியில் இருக்கும் வெபரோ ஐம்பதாண்டுகளுக்கு மேலாக அந்த என்ஜினோடு இருப்பது. ஆண்டுக்குரியது முன்னது, வண்டிக்குரியது பின்னது.

வெபர் எப்போது பூட்டப்பட்டது என்பதற்குப் பழைய பட்டறைச் சீட்டோ புகைப்படமோ இருந்து, அது வண்டியின் முதல் சில ஆண்டுகளுக்குள் நடந்தது என்றால், அதைக் கழற்றக் கூடாது என்பேன். பிற்காலத்தில், காரணம் தெரியாமல் நடந்த மாற்றமென்றால் சோலெக்ஸைப் பூட்டலாம். கழற்றிய வெபரையும் அதன் இன்டேக் குழாய்களையும் பெட்டியில் இட்டு, எந்த நாளில் எந்த எண்ணுள்ள வண்டியிலிருந்து கழற்றியது என்று எழுதி, வண்டியோடு சேர்த்தே அடுத்தவருக்கு விற்க வேண்டும். பூட்டிய சோலெக்ஸ் எங்கிருந்து வந்தது என்பதும் அதே தாளில் இருக்க வேண்டும். 1984இல் கரேரா 3.2க்காக வந்த, ஆயில் அழுத்தத்தில் இயங்கும் செயின் டென்ஷனரைப் பழைய என்ஜின்களில் பூட்டும் வழக்கம் பரவலானது. வெளியில் அதிகம் தெரியாது, என்ஜினைக் காக்கும் என்பதால் கண்டிப்பான நடுவர்கள்கூட அதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். கண்ணுக்குத் தெரியாத பிழைக்கு மன்னிப்பும் தெரியும் பிழைக்கு மதிப்பெண் குறைப்பும் என்றால், நடுவர் அளப்பது தோற்றத்தை. அதில் தவறொன்றுமில்லை, அந்த மதிப்பெண் தாளை வண்டியின் வரலாற்றுச் சான்றாக ஏலப் பட்டியலில் அச்சிடாதவரை.